வடகொரியாவின் ஏவுகணைகளால் அமெரிக்காவுக்கு உண்மையில் ஆபத்து உண்டா?

“தன் மக்களுக்கு வயிறாரச் சோறு போட முடியாத வடகொரியா, பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் அமெரிக்காவை ஏவுகணையால் தாக்கிவிடும் என்பது உண்மையா, அல்லது ஆயுத வியாபாரத்துக்காகக் காட்டப்படும் பூச்சாண்டியா?” என்பது கேள்வி. ஏவுகணை அவ்வளவு தூரம் போகுமா, போனால் அதைத் தடுக்க முடியுமா என்பவற்றுக்கு இயற்பியலும் எண்களும் ஓரளவு தெளிவான விடை தந்துவிடுகின்றன. கிம் ஜோங் உன் அதை ஏவுவாரா என்ற இடத்தில்தான் பலருடைய விவாதம் தடுமாறுகிறது. லாஸ் ஏஞ்சலீஸ் நகரம் ஒரு நாள் சாம்பலாகுமா, ஆகாதா என்று கேட்பதோடு அது நின்றுவிடுகிறது. ஆனால் அந்த ஏவுகணை ஏவப்படாமல் சுரங்கத்துக்குள் நிற்கும்போதே செய்து முடிக்கிற வேலை ஒன்று உண்டு. என் பதில் பெரும்பாலும் அந்த வேலையைப் பற்றியது என்றாலும், தூரக் கணக்கை முடித்துவிட்டுத்தான் அங்கே போக முடியும்.

2017 ஜூலை 4 அன்று, அதாவது அமெரிக்காவின் சுதந்திர தினத்தில், வடகொரியா ஹ்வாசோங்-14 என்ற ஏவுகணையைச் சோதித்தது. அது 933 கிலோமீட்டர் தள்ளி ஜப்பான் கடலில் விழுந்தது. வெறும் 933 கிலோமீட்டர்தானே என்று அலட்சியம் செய்தவர்கள் உயரத்தைக் கவனிக்கவில்லை. அது ஏறிய உயரம் சுமார் 2,800 கிலோமீட்டர். மாந்தோப்பில் கல்லெறிந்து பழகிய எவருக்கும் இது புரியும்: முழு பலத்தோடு செங்குத்தாக எறிந்த கல் எறிந்தவன் காலடிக்குப் பக்கத்திலேயே விழும், அதே பலத்தோடு சாய்த்து எறிந்தால் அடுத்த தோட்டத்தைத் தாண்டிப் போகும். அண்டை நாடுகளின் தலைக்கு மேலே பறக்கவிடாமல் தன் ஏவுகணையின் வலுவைச் சோதிக்க வடகொரியா இப்படிச் செங்குத்தாக எறிகிறது. அதே ஆண்டு நவம்பர் 29 அன்று, அதிகாலை மூன்று மணி இருட்டில் ஏவப்பட்ட ஹ்வாசோங்-15, ஏறத்தாழ 4,475 கிலோமீட்டர் உயரம் ஏறி, 53 நிமிடம் பறந்து, 950 கிலோமீட்டர் தள்ளி விழுந்தது. சர்வதேச விண்வெளி நிலையம் சுற்றிவரும் உயரத்தைப் போலப் பதினோரு மடங்கு அது. அந்த ஆற்றலைச் சாய்த்துக் கணக்கிட்டால் 13,000 கிலோமீட்டர் வரை வருகிறது. பியோங்யாங்கிலிருந்து அமெரிக்கத் தீவான குவாம் சுமார் 3,400, ஹவாய் சுமார் 7,400, லாஸ் ஏஞ்சலீஸ் சுமார் 9,500, வாஷிங்டன் சுமார் 11,000 கிலோமீட்டர். அதன் பிறகு வந்த ஹ்வாசோங்-17, திட எரிபொருளில் இயங்கும் ஹ்வாசோங்-18, 2024 அக்டோபர் 31 அன்று 7,600 கிலோமீட்டருக்கும் மேல் ஏறிய ஹ்வாசோங்-19 ஆகியவை எல்லாம் இந்தக் கணக்கை உறுதிப்படுத்தினவே தவிர, மாற்றவில்லை. தூரத்தைப் பற்றிய சந்தேகம் 2017-லேயே முடிந்துவிட்டது.

இங்கே ஒரு நியாயமான தடை எழுப்பப்படுகிறது. சோதனையில் ஏவுகணை சுமந்து சென்ற எடை என்ன என்பது வெளியாருக்குத் தெரியாது. இலேசான சுமையோடு ஏறிய உயரத்தைக் காட்டி, கனமான அணுகுண்டும் அவ்வளவு தூரம் போகும் என்று சொல்லிவிட முடியாது. அதைவிடப் பெரிய தடை, திரும்பி வருவது. கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணையின் குண்டைத் தாங்கும் முனை, நொடிக்கு ஏழு கிலோமீட்டர் வேகத்தில் வளிமண்டலத்துக்குள் நுழைகிறது. அதன் முன்னால் அமுங்கும் காற்று ஆயிரக்கணக்கான டிகிரி சூடேறுகிறது. செங்குத்தாக விழும் முனை அடர்த்தியான காற்றை மிக விரைவாகக் கடந்துவிடும். சாய்வாக வருவது அந்த உலைக்குள் கூடுதல் நேரம் இருந்தாக வேண்டும், அது தாங்க வேண்டிய மொத்த வெப்பமும் அதிகம். ஆகவே செங்குத்துச் சோதனையில் தப்பிய கவசம் உண்மையான பாதையிலும் தப்பும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 2017 ஜூலை 28 அன்று நடந்த இரண்டாவது ஹ்வாசோங்-14 சோதனையில், ஹொக்கைடோத் தீவில் வானத்தை நோக்கி வைத்திருந்த ஒரு தொலைக்காட்சிக் கேமராவில் ஒளிரும் பொருளொன்று இறங்கி, தரையைத் தொடுமுன்பே உதிர்ந்து மங்குவது பதிவாயிற்று. அது சிதைந்துபோன முனைதான் என்று அப்போதே சில வல்லுநர்கள் சொன்னார்கள்.

மற்ற நாடுகள் இந்தச் சந்தேகத்தை எப்படித் தீர்த்துக்கொள்கின்றன என்பதற்கு நம் பக்கத்திலேயே எடுத்துக்காட்டு உண்டு. 2012 ஏப்ரல் 19 அன்று, இப்போது அப்துல் கலாம் பெயரைத் தாங்கியிருக்கும் ஒடிசாக் கடற்கரைத் தீவிலிருந்து இந்தியா அக்னி-5 ஏவுகணையை முன்னறிவிப்புக் கொடுத்து ஏவி, 5,000 கிலோமீட்டர் தள்ளி இந்தியப் பெருங்கடலில் இறக்கி, இலக்கருகே நின்ற கப்பல்களிலிருந்து அதன் முனை இறங்குவதை அளந்து பார்த்தது. வடகொரியா தன் நீண்டதூர ஏவுகணை எதையும் இப்படி முழுத் தூரத்துக்குப் பசிபிக்கில் ஏவிப் பார்த்ததில்லை. எனினும், இதை வைத்து ‘அவர்களிடம் ஒன்றும் இல்லை’ என்று முடிவுகட்டுவது அசட்டுத்தனம். வெப்பக் கவசம் 1950-களின் தொழில்நுட்பம். வேகத்தைக் குறைக்கும் மழுங்கலான முனையை வைத்து, குறி தப்பினாலும் பரவாயில்லை என்று விட்டுவிட்டால் வேலை சுலபமாகிறது. 2017 செப்டம்பர் 3 அன்று புங்கியே-ரி மலைக்கடியில் வடகொரியா வெடித்துச் சோதித்த அணுகுண்டு ஹிரோஷிமா குண்டைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் வலுவுள்ளது. ஒரு பெருநகரத்தைக் குறிவைக்கும் அத்தகைய குண்டு சில கிலோமீட்டர் தள்ளி விழுவதால் அந்த நகரத்தாருக்கு ஆறுதல் எதுவும் இல்லை.

பூச்சாண்டி என்ற சொல்லுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. 1995-இல் அமெரிக்க உளவு அமைப்புகள் தயாரித்த மதிப்பீடு, ஏற்கெனவே அணு ஆயுத வல்லரசுகளாக இருப்பவற்றைத் தவிர வேறு எந்த நாடும் அடுத்த 15 ஆண்டுகளில் அமெரிக்கப் பெருநிலத்தைத் தாக்கும் ஏவுகணையை உருவாக்காது என்றது. அது மெத்தனம் என்று கொதித்தவர்களின் அழுத்தத்தில் அமைந்த, முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் டொனால்ட் ரம்ஸ்ஃபெல்ட் தலைமையிலான ஆணையம், 1998 ஜூலையில், வடகொரியா முடிவெடுத்தால் ஏறத்தாழ ஐந்தே ஆண்டுகளில் அதைச் செய்துவிடும் என்று அறிக்கை கொடுத்தது. அடுத்த மாதமே, ஆகஸ்ட் 31 அன்று, வடகொரியா ஜப்பானுக்கு மேலே டேபோடாங்-1 ராக்கெட்டை அனுப்பியதும் ரம்ஸ்ஃபெல்ட் தீர்க்கதரிசியாகிவிட்டார். அந்த அச்சத்தைக் காரணம் காட்டித்தான் 2002-இல் அமெரிக்கா, ஏவுகணை எதிர்ப்பு ஆயுதங்களைக் கட்டுப்படுத்திய 1972-ஆம் ஆண்டு ஒப்பந்தத்திலிருந்து வெளியேறியது. ஆனால் டேபோடாங்-2 ராக்கெட்டோ 2006-இல் ஏவிய நாற்பது நொடிக்குள் நொறுங்கியது. உண்மையான ஏவுகணை வந்து சேர 19 ஆண்டுகள் ஆயின. ஆக, திட்டு வாங்கிய பழைய மதிப்பீடே பலித்தது. ‘புலி வருது, புலி வருது’ என்று கத்தியவர்கள் அவசரப்பட்டது மெய். புலி கடைசியில் வந்துவிட்டது என்பதும் மெய். கத்தியவர்கள் மேல் உள்ள கோபத்தில் வந்த புலியைப் பார்க்க மறுப்பவர்களை நான் நிறையச் சந்தித்திருக்கிறேன்.

வந்த புலி எங்கே படுத்திருக்கிறது என்பது அடுத்த சிக்கல். 2012 ஏப்ரலில் பியோங்யாங் அணிவகுப்பில் எட்டு அச்சுகள் கொண்ட பிரம்மாண்டமான லாரிகளில் ஏவுகணைகள் வந்தன. அந்த லாரிகள் சீனாவில் செய்யப்பட்டவை. காட்டிலிருந்து மரம் ஏற்றிவர வேண்டும் என்று எழுதிக் கொடுத்து வடகொரியா அவற்றை வாங்கியிருந்ததை ஐ.நா. நிபுணர் குழு பின்னர் வெளிப்படுத்தியது. மரம் ஏற்றும் லாரி என்று சிரிக்கலாம், ஆனால் உத்தி அதில்தான் இருக்கிறது. நிலையான ஏவுதளத்தில் நிற்கும் ராக்கெட்டை விமானத்திலிருந்து குண்டு போட்டு அழித்துவிடலாம். மலைக் குகைக்குள்ளிருந்து லாரியில் வெளியே வந்து, ஏவிவிட்டுத் திரும்பிப் போவதை அப்படித் தேடிப் பிடிக்க முடியாது. திரவ எரிபொருள் ஏவுகணைக்கு நச்சும் அரிப்பும் மிகுந்த இரசாயனங்களை நிரப்ப வேண்டும், கூடவே டாங்கர்களின் வரிசை ஒன்று நகர வேண்டும். வானத்திலிருந்து பார்ப்பவருக்கு அந்த வரிசையே தகவல். 2023 ஏப்ரல் 13 அன்று முதன்முறை ஏவப்பட்ட ஹ்வாசோங்-18 திட எரிபொருளில் இயங்குவதால் அந்த வரிசைக்கு அவசியம் இல்லை. வெளியே வந்த சில நிமிடங்களில் ஏவலாம். தூரத்தை விட இந்த மாற்றத்தைத்தான் நான் பெரிய திருப்பமாகக் கருதுகிறேன், ஏனென்றால் ‘ஏவுவதற்கு முன்பே அழித்துவிடலாம்’ என்ற வாய்ப்பு இதனால் மிகவும் குறுகிவிட்டது.

ஏவிய பிறகு தடுப்பது எப்படி என்று கேட்டால், அலாஸ்காவின் ஃபோர்ட் கிரீலியில் 40, கலிபோர்னியாவின் வாண்டன்பர்க்கில் 4 என மொத்தம் 44 இடைமறிப்பு ஏவுகணைகளை அமெரிக்கா நிறுத்தியிருக்கிறது. விண்வெளியில், துப்பாக்கித் தோட்டாவைத் தோட்டாவால் அடிப்பது போன்ற வேலை அது. 1999 முதல் நடந்த 21 இடைமறிப்புச் சோதனைகளில் 12 மட்டுமே வெற்றி. அவையும் எப்போது வரும், எங்கிருந்து வரும் என்று முன்கூட்டியே வகுத்த சோதனைகள். நம்பகத்தன்மை இந்த அளவில் இருப்பதால், வரும் ஒவ்வொரு முனைக்கும் நான்கு இடைமறிப்பு ஏவுகணைகளை அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொண்டால், பதினொரு ஏவுகணைகளோடு கையிருப்பு தீர்ந்துபோகும். 2023 பிப்ரவரி 8 அன்று இரவு நடந்த அணிவகுப்பில் பத்துக்குக் குறையாத ஹ்வாசோங்-17 லாரிகள் வரிசையாக வந்தன. அவற்றில் எத்தனை நிஜம், எத்தனை பொம்மை என்பது வேறு கேள்வி. ஆனால் அந்த அணிவகுப்பைத் திட்டமிட்டவருக்கு ஃபோர்ட் கிரீலியின் கணக்கு நன்றாகவே தெரியும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பக்கத்தில் பறக்கவிடும் போலி முனைகளை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

போகும்; முழுமையாகத் தடுக்க முடியாது. அப்படியானால் ஏவுவாரா? ஒரு நாள் காரணமில்லாமல் ஏவுவார் என்று நினைப்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. ஸ்டாக்ஹோம் அமைதி ஆய்வு நிறுவனமான சிப்ரியின் மதிப்பீட்டின்படி வடகொரியாவிடம் சுமார் 50 அணுகுண்டுகள் இருக்கலாம். அமெரிக்காவின் கையிருப்பு 3,700-க்குக் குறையாது. அதன் ஓஹையோ வகை நீர்மூழ்கிகளில் 14 அணு ஏவுகணை தாங்கியவை, ஒவ்வொன்றிலும் 20 ஏவுகணைகள். அவற்றில் ஒன்றே ஒன்று போதும், வடகொரிய அரசு என்று ஒன்று இல்லாமல் போவதற்கு. கிம் குடும்பம் 1948 முதல் மூன்று தலைமுறையாகச் செய்துவருவது ஒன்றே ஒன்றுதான்: ஆட்சியில் நீடிப்பது. பைத்தியக்காரன் என்ற பட்டம் பத்திரிகைக்குச் சுவை. சோவியத் யூனியனின் வீழ்ச்சியையும், 1990-களின் பெரும் பஞ்சத்தையும், இரண்டு வாரிசு மாற்றங்களையும் தாண்டி நிற்கும் ஆட்சியை அந்தப் பட்டத்தால் விளக்க முடியாது.

ஏன் இந்த ஆயுதம் அவர்களுக்கு இவ்வளவு முக்கியம் என்பதை அவர்கள் இருக்கும் இடத்திலிருந்து பார்க்க வேண்டும். 1950 ஜூன் 25 அன்று போரைத் தொடங்கியது வடகொரியாவே, அதில் ஐயமில்லை. ஆனால் அடுத்த மூன்று ஆண்டுகளில் கொரியா மீது அமெரிக்கா வீசியது ஆறு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குண்டுகள்; பியோங்யாங்கில் நின்றிருந்த கட்டடங்களை விரல்விட்டு எண்ணலாம் என்ற நிலை வந்தது. 1950 நவம்பர் 30 அன்று அதிபர் ட்ரூமன், அணுகுண்டைப் பயன்படுத்துவதும் பரிசீலனையில் உள்ளது என்று செய்தியாளர்களிடம் சொன்னார். 1958 முதல் 1991 வரை தென்கொரிய மண்ணில் அமெரிக்க அணு ஆயுதங்கள் இருந்தன. ஒரு கட்டத்தில் அவற்றின் எண்ணிக்கை 900-ஐத் தாண்டியது. 1953-இல் கையெழுத்தானது போர்நிறுத்தம் மட்டுமே, சமாதான உடன்படிக்கை இன்றுவரை இல்லை. இதோடு லிபியாவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 2003 டிசம்பரில் கடாஃபி தன் அணு ஆயுதத் திட்டத்தைக் கைவிட்டார். 2011 அக்டோபரில் மேற்கு நாடுகளின் விமானத் தாக்குதலுக்கு நடுவே பிடிபட்டுக் கொல்லப்பட்டார். பியோங்யாங் அந்தக் கதையை அதற்குப் பிறகு பலமுறை வெளிப்படையாகவே மேற்கோள் காட்டியிருக்கிறது.

இனி, ஏவப்படாமலே ஏவுகணை செய்யும் வேலை. 2017 ஆகஸ்ட் தொடக்கத்தில் செனட்டர் லிண்ட்சே கிரஹாம் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், அதிபர் டிரம்ப் தன்னிடம் நேரில் கூறியதாக ஒன்றைச் சொன்னார். வடகொரியாவைத் தடுக்கப் போர் வந்தால் அது அங்கேதான் நடக்கும், ஆயிரக்கணக்கானோர் செத்தால் அங்கேதான் சாவார்கள், இங்கே சாகமாட்டார்கள் என்பது அதன் சாரம். அந்த ‘அங்கே’ என்பது தென்கொரியத் தலைநகர் சியோல். எல்லைக் கோட்டிலிருந்து ஐம்பது கிலோமீட்டர். தென்கொரிய மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் அந்த நகரத்திலும் அதைச் சுற்றியும் வாழ்கிறார்கள். நீண்டதூர ஏவுகணை எதுவும் இல்லாமலேயே, மலைச்சரிவுகளில் புதைத்து வைத்த பீரங்கிகளாலேயே அவர்கள் பல பத்தாண்டுகளாக மிரட்டலுக்கு உள்ளாகியிருக்கிறார்கள். ஜப்பானும் 1990-களிலிருந்து வடகொரியாவின் நடுத்தூர நோடாங் ஏவுகணையின் எல்லைக்குள் இருக்கிறது. ‘அங்கே’ சாவார்கள், ‘இங்கே’ சாகமாட்டார்கள் என்ற அந்த வேறுபாட்டை அழிப்பதற்காகவே ஹ்வாசோங்-14-உம் அதன் தம்பிகளும் கட்டப்பட்டன.

இதன் விளைவை ஒரு சூழ்நிலையாக வைத்துப் பாருங்கள். எல்லையில் ஏதோ மோதல் மூண்டு பெரிதாகிறது. தோற்றுவிடுவோம் என்று பயந்த வடகொரியா, அமெரிக்கப் படைகள் வந்து இறங்கவிருக்கும் துறைமுகத்தின் மீதோ விமானத் தளத்தின் மீதோ ஒரு சிறிய அணுகுண்டைப் போடுகிறது. இது என் கற்பனை அல்ல: 2022 செப்டம்பர், அக்டோபரில் தென்கொரியத் துறைமுகங்களையும் விமான நிலையங்களையும் தாக்குவதற்கான அணு ஆயுதப் பயிற்சிகளை நடத்தியதாக அந்நாட்டு அரசுச் செய்தி நிறுவனமே அறிவித்தது, அதே செப்டம்பரில் இயற்றிய சட்டம், முதலில் தாக்கும் உரிமையைத் தனக்கு வைத்துக்கொண்டதோடு, தலைமைக்கு ஆபத்து வந்தால் அணு ஆயுதத் தாக்குதல் தானாகவே தொடங்கும் என்றும் சொல்கிறது. அந்த நேரத்தில் அமெரிக்க அதிபரின் மேசையில் இருக்கும் கேள்வி, தென்கொரியத் துறைமுக நகரான பூசானுக்காகப் பழிவாங்கப் போய் சியாட்டிலையோ சான்பிரான்சிஸ்கோவையோ பணயம் வைக்கலாமா என்பது. பாரிஸுக்காக நியூயார்க்கை இழக்க அமெரிக்கா முன்வருமா என்று 1961-இல் பிரெஞ்சு அதிபர் ட கோல் அமெரிக்க அதிபர் கென்னடியிடம் கேட்ட அதே கேள்வி. பதிலில் நம்பிக்கை இல்லாமல் பிரான்ஸ் தன் சொந்த அணு ஆயுதப் படையைக் கட்டியது. இன்று தென்கொரியாவில் நடக்கும் கருத்துக் கணிப்புகளில் எழுபது சதவீதத்தை ஒட்டியவர்கள் ‘நமக்கும் அணுகுண்டு வேண்டும்’ என்கிறார்கள். அவர்களைச் சமாதானப்படுத்த, தன் அணு ஆயுதப் பாதுகாப்பை அமெரிக்கா மீண்டும் உறுதிகூறும் வாஷிங்டன் பிரகடனம் 2023 ஏப்ரலில் வெளியிடப்பட்டது. அந்த ஜூலையில் அமெரிக்காவின் அணு ஏவுகணை நீர்மூழ்கி ஒன்று, 1981-க்குப் பிறகு முதன்முறையாக, பூசான் துறைமுகத்துக்கு வந்து தன்னைக் காட்டிக்கொண்டது. மறைந்திருப்பதையே தொழிலாகக் கொண்ட கப்பலை வெளியே கொண்டுவந்து நிறுத்த வேண்டியிருந்தது என்றால், எந்த வாக்குறுதியில் விரிசல் கண்டிருக்கிறது என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

திட்டமிட்ட போரை விடத் தவறாக மூளும் போரைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். 2017 ஆகஸ்ட் 29 அன்று காலை 6 மணி 2 நிமிடத்துக்கு வட ஜப்பானில் கைப்பேசிகள் அலறின: ஏவுகணை வருகிறது, உறுதியான கட்டடத்துக்குள்ளோ நிலவறைக்குள்ளோ போங்கள். ஏவப்பட்டது நான்கு நிமிடம் முன்னால். ஹொக்கைடோவின் தலைக்கு மேலே அது கடந்துபோனது இன்னும் சில நிமிடங்களில். படுக்கையிலிருந்து எழுந்து செருப்பைத் தேடுவதற்கே அந்த நேரம் சரியாக இருந்திருக்கும். 2018 ஜனவரி 13 அன்று ஹவாயில் காலை எட்டு மணி ஏழு நிமிடத்துக்கு, ஏவுகணை வந்துகொண்டிருக்கிறது, இது ஒத்திகை அல்ல என்ற செய்தி எல்லோருடைய கைப்பேசிக்கும் போயிற்று. அது தவறு என்ற மறு செய்தி வர 38 நிமிடம் பிடித்தது. அதற்குள் கழிவுநீர்க் குழிகளின் மூடியைத் திறந்து பிள்ளைகளை இறக்கியவர்களும் உண்டு. அமெரிக்காவிடம் ஏவுதலைக் கண்டறியும் செயற்கைக்கோள்கள் இருந்ததால், படைத்தலைமைக்கு அது பொய் என்று உடனே தெரிந்தது. வடகொரியாவிடம் அத்தகைய கண்கள் இல்லை. எல்லையருகே பறக்கும் குண்டுவீச்சு விமானம் மிரட்ட வந்ததா, தாக்க வந்ததா என்பதை அது ஊகிக்கத்தான் வேண்டும். ஊகம் தப்பினால், தன் ஆயுதங்கள் அழிவதற்கு முன் பயன்படுத்திவிட வேண்டும் என்ற அவசரம் அதற்கு உண்டு. அமெரிக்கப் பெருநிலத்தின் சுரங்கங்களிலிருந்து கிளம்பும் பதிலடி ஏவுகணைகள் வடகொரியாவை அடைய ரஷ்யாவின் வானத்தைக் கடக்க வேண்டும் என்பது இன்னொரு விபரீதம்.

தாக்குவதைத் தவிர விற்பதும் ஓர் ஆபத்து. அது இந்தியாவின் வாசல் வரை வந்த கதை. பாகிஸ்தான் 1998 ஏப்ரல் 6 அன்று சோதித்த கோரி ஏவுகணை வடகொரிய நோடாங்கின் மறுவடிவம்தான். கார்கில் போர் நடந்துகொண்டிருந்த 1999 ஜூனில், குஜராத்தின் காண்ட்லா துறைமுகத்தில் சுங்கத் துறையினர் கூவோல்சான் என்ற வடகொரியக் கப்பலைச் சோதித்தபோது, தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் என்று எழுதியிருந்த பெட்டிகளுக்குள் ஏவுகணை உறுப்புகளும் வரைபடங்களும் கிடைத்தன. இப்போது சந்தை மாறிவிட்டது. 2024 ஜூன் 19 அன்று புதினும் கிம்மும் பியோங்யாங்கில் பரஸ்பரப் பாதுகாப்பு உடன்படிக்கை செய்துகொண்டார்கள். வடகொரியக் குண்டுகளும் குறுந்தூர ஏவுகணைகளும் உக்ரைனில் விழுகின்றன, வடகொரியப் படையினர் ரஷ்யாவின் கூர்ஸ்க்கில் போரிட்டார்கள். பதிலுக்கு ரஷ்யா எதைக் கொடுக்கிறது என்பதில்தான் அடுத்த பத்தாண்டு அடங்கியிருக்கிறது. தனிமைப்பட்ட நாடு என்ற அடைமொழியே இனி முழுவதும் பொருந்துமா என்று தெரியவில்லை. பணத்துக்கும் வழி கண்டுவிட்டார்கள்: 2025 பிப்ரவரியில் ஒரு கிரிப்டோ பரிமாற்ற நிறுவனத்திலிருந்து ஏறத்தாழ 150 கோடி டாலர் திருடுபோனதற்கு வடகொரியாவே பொறுப்பு என்று அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. அறிவித்தது. தென்கொரியாவின் பொருளாதாரத்தில் ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்கே தேறும் நாட்டுக்கு இது எவ்வளவு பெரிய தொகை என்று எண்ணிப் பாருங்கள்.

பொருளாதாரத் தடைகளால் இதை அவர்கள் கைவிட வைக்க முடியுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். முழுவதுமாகக் கைவிட மாட்டார்கள் என்பதே என் கருத்து. அந்த வாய்ப்பு 1994-இல் ஓரளவு இருந்தது. அப்போது ஜெனீவா உடன்பாட்டின்படி ஆண்டுக்கு ஐந்து லட்சம் டன் எரியெண்ணெய்க்கும் மின்சாரம் தயாரிக்கும் இரண்டு அணு உலைகளுக்குமான வாக்குறுதிக்கு ஈடாக யோங்பியோன் அணு உலை மூடப்பட்டு, எட்டு ஆண்டுகள் புளூட்டோனியம் பிரிப்பது நின்றிருந்தது. பின்வாசல் வழியாக வடகொரியா யுரேனியம் செறிவூட்டத் தொடங்கியதும், வாஷிங்டன் தான் சொன்ன அந்த இரண்டு உலைகளை இழுத்தடித்ததும் சேர்ந்து அதைக் கவிழ்த்தன. 2019 பிப்ரவரியில் ஹனோயில், யோங்பியோனைத் தருகிறேன், 2016 முதல் வந்த முக்கியத் தடைகளை நீக்குங்கள் என்று கிம் கேட்டார். டிரம்ப் எழுந்து போய்விட்டார். அந்த விலை அதிகம் என்பது சரியாகவே இருக்கலாம். ஆனால் பேச்சு நடந்த அந்தக் காலத்தின் பயன் ஒன்றை எல்லோரும் மறந்துவிட்டார்கள்: 2017 நவம்பர் இறுதியிலிருந்து 2022 தொடக்கம் வரை, நான்கு ஆண்டுகளுக்கும் மேலாக, ஒரு நீண்டதூர ஏவுகணைகூட ஏவப்படவில்லை, அணுகுண்டுச் சோதனை இன்றுவரை ஆறோடு நிற்கிறது. முனை உண்மையான பாதையில் எரியாமல் இறங்குமா என்ற சந்தேகம் கிம்மின் பொறியாளர்களுக்கும் இருக்கிறது. அதைத் தீர்க்க அவர்கள் ஒரு நாள் பசிபிக்கின் நடுவே முழுத் தூரத்துக்கு ஏவித்தான் ஆக வேண்டும். அந்த ஒரு சோதனையை நடக்கவிடாமல் வைத்திருக்கும் உடன்பாடு எவ்வளவு சிறியதாக இருந்தாலும், ஃபோர்ட் கிரீலியில் இன்னும் இருபது இடைமறிப்பு ஏவுகணைகளைச் சேர்ப்பதைவிட அது அமெரிக்காவுக்கு மலிவாகவும் பயனுள்ளதாகவும் இருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.